மௌனமும் ஒரு செய்தி: ராமநாதபுரக் கரையிலிருந்து மருத்துவ அறிவிப்பின் வரலாறு

சாயல்குடியை அடுத்த மாரியூரில் கருவுற்ற பெண்ணின் மருத்துவப் பதிவுகள் ஓரிடத்தில் தங்குவதில்லை. மாதாந்திரப் பரிசோதனை ஊரில், ஸ்கேன் ராமநாதபுரத்தில், தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில். ஓரிடத்தில் நடந்ததை மற்றோரிடத்துக்கு யார், எப்போது தெரிவிப்பது என்ற கேள்வி இந்தக் கரைக்குப் புதிதல்ல.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபின் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளர்கள் தனுஷ்கோடி வழியே தலைமன்னாருக்குக் கப்பலேறினர். மண்டபத்தில் இலங்கை அரசே நடத்திய முகாமில் அவர்களைச் சில நாள் நிறுத்தி, அம்மை குத்தி, காலரா அறிகுறி உண்டா என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள். செய்தி ஆளைவிட மெதுவாகப் பயணம் செய்த காலம் அது. அதனால் ஆளை நிறுத்தி வைத்தார்கள். அந்தத் தாமதத்தின் விலையை ஏழைகள் தம் உடலால் கொடுத்தார்கள் என்பதை இந்த வரலாற்றை எழுதுபவர் கடந்துபோகக் கூடாது.

1925இல் பன்னாட்டுச் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சிங்கப்பூரில் கீழ்த்திசை நோய்த்தகவல் நிலையத்தைத் தொடங்கியது. காலரா, பிளேக், பெரியம்மை நிலவரத்தைத் துறைமுகங்கள் வாரந்தோறும் தந்தியில் அனுப்பின. நிலையம் அவற்றைத் தொகுத்து வானொலி அலைகளில் பரப்பியது. இன்றைய மென்பொருளாளர் ‘சந்தா’ என்று சொல்லும் அமைப்பின் முன்னோடி இதுவே என்பது என் கருத்து. வாராந்தர ஒழுங்கால் இன்னொரு பயனும் உண்டு: வரவேண்டிய தந்தி வராவிட்டால், அதுவே விசாரிக்கக் காரணமாகும்.

தமிழகத்தில் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் தொற்றுநோய்களைத் தெரிவிப்பதை மருத்துவர்களின் கடமையாக்கியது. தாய்சேய் நலத்தில் பெரிய மாற்றம் 2008இல் வந்த ‘பிக்மி’ இணையப் பதிவு. 2017இல் அதன் இரண்டாம் வடிவம் வந்தது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு, அந்தப் பதிவில் தாய்க்குக் கிடைக்கும் ஆர்.சி.ஹெச். எண்ணும் அவசியமாயிற்று. எந்த ஊரில் பிரசவித்தாலும் பதிவு அந்த எண்ணைத் தேடி வந்து சேர வழி பிறந்தது.

2021 செப்டம்பரில் நாடு முழுதும் விரிந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில் சந்தா என்பது முறையான ஏற்பாடு. நோயாளி சம்மதித்தால், அவர் பெயரில் புதிய பதிவு சேரும்போது சந்தாதாரரான மருத்துவமனைக்கு அறிவிப்பு போகும். அறிவிப்பில் நோயின் விவரம் இராது. அதைச் சம்மதத்தின் பேரில் தனியே, மறைகுறியாக்கத்தோடு பெற வேண்டும். செய்தியையும் ஆவணத்தையும் இப்படிப் பிரித்ததே இந்த வளர்ச்சியின் மிகச் சிறந்த முடிவு.

இத்தகைய அறிவிப்புகள் ஒழுங்காக வருவதில்லை; இரவெல்லாம் ஒன்றுமிராது, காலையில் நூறு வரும். அதற்காக ஒரு சர்வரை எப்போதும் ஓடவிடுவது வீண்செலவு. 2014இல் அமேசான் அறிமுகப்படுத்திய லாம்டாவும் பின்வந்த கூகுள், மைக்ரோசாஃப்ட் சேவைகளும் இங்கே பொருந்துகின்றன: அறிவிப்பு வந்தால் ஒரு சிறு நிரல் விழிக்கும், வேலை முடிந்ததும் அடங்கிவிடும். லாம்டா ஒரு முறைக்கு அதிகபட்சம் 15 நிமிடமே ஓடும். ஆகவே அனுப்பியவர் யாரென்று சரிபார்த்து, அறிவிப்பை வரிசையில் போட்டு, உடனே ‘கிடைத்தது’ என்று பதில் தருவதே முதல் நிரலின் வேலை. ஆவணத்தைப் பெறுவது இரண்டாம் நிரலின் பொறுப்பு. ஒரே அறிவிப்பு இருமுறை வரலாம். அதன் எண்ணைக் குறித்துவைக்காவிட்டால் ஒரு பிரசவம் இரண்டாகப் பதிவாகும். தோல்வியுற்றவை தனி வரிசையில் காத்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த நிரல்களை மௌனம் எழுப்பாது. அறிவிப்பு வரவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்றும் கொள்ளலாம், இணைப்பு அறுந்துவிட்டது என்றும் கொள்ளலாம். மருத்துவத் தரவுக்கான ‘ஃபயர்’ தரநிலை இதை உணர்ந்திருக்கிறது. செய்தி இல்லாதபோதும் ‘ஹார்ட்பீட்’ என்னும் வெற்று அறிவிப்பை அவ்வப்போது அனுப்ப அதில் இடமுண்டு. சிங்கப்பூர் நிலையத்துக்கு வந்த வாரத்தந்தி செய்த வேலையே இது. ஹார்ட்பீட் வந்ததா என்று பார்க்க, கடிகாரத்தால் விழிக்கும் இன்னொரு நிரல் கட்டாயம் வேண்டும்.

இணைப்பு சரியாக இருந்தும் பதிவு வராத பெண்களுக்கும் அதே நிரல் பொறுப்பேற்க வேண்டும். பேறுகாலம் நெருங்கியும் இரண்டு வாரமாகப் புதிய பதிவு இல்லாதவர்களின் பட்டியலை அது தினமும் காலையில் கிராம சுகாதாரச் செவிலியருக்கு அனுப்பட்டும். தாய்வீடு போனவர் யார், பரிசோதனைக்கே வராதவர் யார் என்று அவர் விசாரித்துப் பதியும்வரை எந்தப் பெயரும் அப்பட்டியலிலிருந்து தானாக நீங்கக் கூடாது.