பாகவதரின் உடலும் குரலும்: 'ராஜமுக்தி' இசைத்தட்டுகளை முன்வைத்து

1948 அக்டோபரில் வெளிவந்த 'ராஜமுக்தி' என்ற படத்திற்கு மூன்று வரலாறுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை கிடையாது. சினிமாக்காரர்களுக்கு அது எம்.கே. தியாகராஜ பாகவதரைக் கவிழ்த்த படம். இலக்கியக்காரர்களுக்குப் புதுமைப்பித்தனைக் கொன்ற படம். வசனம் எழுதப் பூனாவுக்குப் போனவர் காசநோய் முற்றித் திரும்பி, படம் திரைக்கு வருமுன்பே திருவனந்தபுரத்தில் செத்துப்போனார். சங்கீதக்காரர்களுக்கோ எம்.எல். வசந்தகுமாரி முதன்முதலாகப் பின்னணி பாடிய படம். சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு நடுவில் உள்ள வரலாறு மட்டும்தான் தெரியும். 'கண்மணி கமலாவுக்கு' கடிதங்களைப் படித்துவிட்டு அந்தப் படத்தின் மேல் ஒரு வன்மத்தோடு இருப்போம். பாட்டைக் கேட்டிருக்க மாட்டோம்.

நான் கேட்டேன். கேட்டே ஆகவேண்டிய நிர்ப்பந்தம் வீட்டிலேயே இருந்தது. சாரத்தில் எங்கள் தாத்தா மில்லுக்குப் போய்வந்தவர். சம்பளத்தில் மிச்சம்பிடித்து அவர் சேர்த்தது பாகவதர் பிளேட்டுகள். புதுச்சேரியில் அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எல்லைக்கு அந்தப்பக்கம் வெள்ளைக்காரன் கோர்ட்டில் பாகவதர் கூண்டில் நின்ற செய்தி இந்தப்பக்கம் எப்படி வந்து சேர்ந்தது, தெருவில் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதை அவர் வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன். தீவிர ரசிகர். ஆனால் 'ராஜமுக்தி' பற்றிக் கேட்டால் மட்டும் பதில் ஒரே மாதிரி வரும்: "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவரு வரல." எந்த அவரு, எங்கே வரவில்லை என்று நான் குடைந்தால் எழுந்து போய்விடுவார். அந்த 'வரல' என்ற சொல்லைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

பாகவதரின் வீழ்ச்சிக்கு நம்மிடம் தயாராக இருக்கும் விளக்கங்களை முதலில் பார்த்துவிடலாம். சிறையில் குரல் கெட்டுவிட்டது என்பது ஒன்று. இது சுத்தப் பொய். தட்டுகள் சாட்சி. மேல்ஸ்தாயியில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறார், பிருகாக்கள் உதிராமல் விழுகின்றன. ரசிகன் என்ற சலுகையை எடுத்துக்கொள்ளாமல் சொல்வதானால் ஒரு குறை உண்டு. 'ஹரிதாஸ்' சாருகேசியில் ஒரு திமிர் இருக்கும். சங்கதியைத் தூக்கி எறிந்துவிட்டு, அது எங்கே விழுகிறது என்று திரும்பிப் பார்க்காத திமிர். 'ராஜமுக்தி'யில் எறிந்துவிட்டுப் பார்க்கிறார். வாக்கியங்களின் முனைகளில் ஒரு ஜாக்கிரதை. இது தொண்டையின் குறையில்லை. கூட்டத்தின் முன் நிற்கக் கூசுகிறவனின் குறை.

இரண்டாவது விளக்கம் ஜி. ராமநாதன் இல்லை என்பது. பாபநாசம் சிவன் பாட்டு, ராமநாதன் வாத்திய அமைப்பு, பாகவதர் குரல் என்ற மூவர் கூட்டில் ஒரு கால் இல்லை. சிவன் இருந்தார், ராமநாதன் இடத்தில் சி.ஆர். சுப்பராமன் வந்தார். பாதி உண்மை. ஆனால் 1952இல் 'அமரகவி'க்கு ராமநாதன் திரும்பி வந்தாரே, படம் எழுந்ததா? சுப்பராமனைக் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. 1952இல் சின்ன வயதிலேயே இறந்துபோன அந்த மனிதரிடம் அடுத்த தலைமுறையின் சினிமா இசை முழுவதும் கருவாக இருந்தது. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் அவரிடம் இருந்து கிளம்பியவர்கள்தாம்.

மூன்றாவது விளக்கம் நம் முகாமிலிருந்து வருவது: பாட்டின் காலம் போய் வசனத்தின் காலம் வந்தது, பக்தி போய்ப் பகுத்தறிவு வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, தேதிதான் உதைக்கிறது. அண்ணாவின் 'வேலைக்காரி' 1949, 'பராசக்தி' 1952. 1948 அக்டோபரில் அந்த அலை கரையைத் தொடவில்லை. பாடும் நடிகனின் காலமும் முடியவில்லை. பி.யு. சின்னப்பா 1949இல் 'மங்கையர்க்கரசி'யில் பாடி நடித்துக் கொண்டுதான் இருந்தார். ஆக, பாகவதருக்கு மட்டும் என்ன ஆயிற்று என்பது பாக்கி நிற்கிறது.

இங்கேதான் உடலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த பொற்கொல்லர் வீட்டுப் பையன் அவர். சபாக்களில் பரம்பரையாக உட்கார இடமில்லாத சாதி. நாடக மேடையும் இசைத்தட்டும்தான் அவரை உருவாக்கின. 1943இல் தமிழிசைச் சங்கம் ஏற்பட்டு, தமிழில் பாடலாமா கூடாதா என்று பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது காப்பி கிளப்பிலும் கல்யாணப் பந்தலிலும் அந்தச் சண்டை ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது. தீர்த்தவை பாகவதர் பிளேட்டுகள். ஆனால் ஜனங்கள் அந்தக் குரலைத் தனியாகக் கேட்கவில்லை. பட்டு ஜிப்பா, வைரக் கடுக்கன், பின்னால் தழையும் கிராப்பு, தங்கத் தட்டில் சாப்பிடுகிறார் என்ற கதை, 'தங்கம் மாதிரி மேனி' என்ற ஓயாத பேச்சு எல்லாமாகச் சேர்த்துக் கேட்டார்கள். தங்கம் உருக்கிய சாதியின் பையன் தானே தங்கமாகிவிட்டான் என்ற வியப்பு அதில் இருக்கிறது. ரொலான் பார்த் 1972இல் எழுதிய கட்டுரையில், பாடும் குரலுக்குள் கேட்கும் உடலைப் பற்றிச் சொல்கிறார். அவருக்கும் பழைய இசைத்தட்டுகளில் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு பாடகன்மேல் தீராத பிரியம். விசிறிகள் விஷயத்தில் பாரிசும் சாரமும் ஒன்றுதான். பார்த் மற்றப் பாடகர்களிடம் தேடியும் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் அந்த உடலைப் பாகவதரிடம் யாரும் தேட வேண்டியதில்லை. குரல்தான் உடல், உடல்தான் குரல்.

அந்த உடலின் மேல்தான் லட்சுமிகாந்தன் பிழைப்பு நடத்தினான். 'சினிமாத் தூது', பிறகு 'இந்துநேசன்': நடிகர் நடிகைகளின் படுக்கையறையை எழுதி விற்ற பத்திரிகைகள். வாங்கியது யார் என்று கேட்டுப் பாருங்கள். பிளேட்டு வாங்கிய அதே கைதான். ரசிகனின் காதலும் மஞ்சள் பத்திரிகையின் வக்கிரமும் ஒரே சரக்கைத்தான் நாடின. இதைச் சொன்னால் தாத்தாவுக்குக் கோபம் வரும்; ஆனால் 'இந்துநேசனை' நான் தொட்டதே இல்லை என்றும் அவர் சொன்னதில்லை. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு மறுநாள் இறந்தான். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது. 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் மேல்முறையீடும் போயிற்று. லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்து, 1947 ஏப்ரலில் விடுதலை.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சினிமா வரலாற்றாசிரியர்கள் சாதனைப் பட்டியலில் எழுதுவார்கள். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. சாதனைதான். ஆனால் அந்த நாட்களின் பெரும்பகுதியில் பாகவதர் ஜெயிலில். உடல் சிறையில், குரல் பிராட்வேயில். ஒரு பாடகனின் குரலை அவன் உடலிலிருந்து முதன்முதலில் பிரித்துக் காட்டியது சினிமாத் தொழில்நுட்பமில்லை, நீதிமன்றம். ஜனங்கள் காசு கொடுத்து அந்தப் பிரிவினையைப் பழகிக்கொண்டார்கள். கைதியை நினைத்து அழுதபடியே கைதி இல்லாமல் அவன் பாட்டைக் கேட்டுவிட முடிந்தது. போதாததற்கு 'ஹரிதாஸ்' கதையே அப்படி: தாசி வீட்டில் ஆடித் திரிந்தவன் காலிழந்து, திருந்தி, பெற்றோரைத் தொழுது பக்தனாகிறான். வீழ்ச்சியும் மீட்சியும் திரையில் முழுதாக நடந்து முடிந்துவிட்டன. நிஜத்தில் வீழ்ந்தவன் திரும்பி வந்தபோது அவனுக்குத் தர ஜனங்களிடம் மீட்சி எதுவும் மிச்சமில்லை.

திரும்பி வருவதென்பது எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1933இல் கிட்டப்பா இறந்ததும் வெள்ளைப் புடவை கட்டி ஒதுங்கியவர், ஒரு லட்சம் ரூபாய்ச் சம்பளத்தில் 1935இல் 'நந்தனார்' ஆக வந்தார், 1953இல் 'ஔவையார்'. துக்கத்தை அவர் மேனியில் உடுத்திக்கொண்டு வந்தார், இந்தச் சமூகம் பெண்ணிடம் எதிர்பார்க்கிற உடுப்பும் அதுவே. குரலும் மேனியும் ஒரே கதையைச் சொல்லின. (இந்த வசதியின் கொடூரம் தனியாக எழுத வேண்டியது.) என்.எஸ். கிருஷ்ணன் வேறு வழி. அவர் உள்ளே இருந்தபோதே குழுவினர் வழக்குச் செலவுக்காகப் 'பைத்தியக்காரன்' படத்தைத் தொடங்கினார்கள்; வெளியே வந்தவர் அதிலேயே சேர்ந்துகொண்டார். 1949இல் 'நல்லதம்பி'. கோமாளியின் உடம்புக்கு ஜெயில் ஒரு புதுச் சரக்கு. அடிபட்டாலும் சிரிக்க வைக்கத் தெரிந்த உடம்பு அது. தங்க உடம்பால் அது முடியாது. தங்கத்தில் கீறல் விழுந்தால் கீறல்தான் தெரியும்.

இப்படிப்பட்ட நிலைமையில் பாகவதர் என்ன செய்தார்? சொந்தக் கம்பெனியில் ஒரு ராஜா வேஷம் போட்டுக்கொண்டார். மறுபடி பட்டு, மறுபடி நகை, மறுபடி சிவனின் பக்தி சொட்டும் பாட்டு. தலைப்பில் 'முக்தி' என்று வைத்துவிட்டு, ஜெயிலில் கழித்த இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தைப் பற்றி ஒரு மூச்சுக்கூட விடாத பாட்டுகள். பக்கத்தில் உட்கார்ந்து வசனம் எழுதியவர் யார் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. கிழிந்த மனிதர்களை மட்டுமே எழுதத் தெரிந்த ஒருவர், கிழிந்த மனிதர் ஒருவர் எதிரே இருக்க, ராஜாக்களுக்கு வாய்ச்சொல் தயாரித்துக்கொண்டிருந்தார். 'ராஜமுக்தி'யின் மேல் இலக்கியக்காரர்கள் வைக்க வேண்டிய குற்றச்சாட்டு இதுதான்; பூனாவின் குளிரில்லை.

தட்டுகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் உயர்ந்தது எது என்று என்னைக் கேட்டால் வசந்தகுமாரியோடு சேர்ந்து பாடும் பாட்டைச் சொல்வேன். இருபது வயதுப் பெண். ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் சிஷ்யை. குரலில் பயமே இல்லை. பாகவதர் கூடவே போகிறார். சில இடங்களில் அவள் முந்திவிட்டுக் காத்திருக்கிறாள். எனக்கு அது ஒரு பாடகியின் தொடக்கமாக மட்டும் கேட்கவில்லை. அந்தக் குரல் யாருடையது? திரையில் வாயசைப்பது வி.என். ஜானகி. குரல் ஓரிடம், மேனி ஓரிடம். அதே படத்தில் பி. பானுமதி தன் குரலில் தானே பாடுகிறார். இப்படி ஒரே படத்துக்குள் இரண்டு சகாப்தங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. தன்னுடைய மீள்வருகைத் தட்டிலேயே பாகவதர் தனக்குப்பின் வரப்போகும் ஏற்பாட்டோடு ஜோடி சேர்ந்து பாடுகிறார்.

இன்னொருவரும் அந்தப் படத்தில் இருந்தார், துணை வேடத்தில்: எம்.ஜி. ராமச்சந்திரன். பாடத் தெரியாத நடிகர். ஜானகியும் அவரும் பின்னாளில் முதலமைச்சர்கள் ஆனது எல்லாருக்கும் தெரிந்த கதை. என் கவலை வேறு. 1950இல் 'கிருஷ்ண விஜய'த்தில் மதுரை டி.எம். சௌந்தரராஜன் என்ற இளைஞர் அறிமுகமானார். பாகவதர் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடியே மேடையேறியவர்; அவருக்குக் கிடைத்த முதல் சினிமாப் பாட்டும் பாகவதர் பாணியில் வார்க்கப்பட்டதுதான். 1954இல் 'மலைக்கள்ளன்' படத்தில் அந்தத் தொண்டை எம்.ஜி.ஆரின் உடம்போடு ஒட்டப்பட்டது. பாகவதர் அப்போது உயிரோடுதான் இருக்கிறார். ஜெயில் தொடாத ஓர் உடல், கறை படாத ஒரு முகம், அதற்குப் பாகவதர் பள்ளியில் படித்த ஒரு குரல். குரல் ஒரு வழக்கில் மாட்டினாலும் முகத்துக்குச் சேதமில்லை, முகம் ஒரு வழக்கில் மாட்டினாலும் குரலை இன்னொரு முகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசியலையே தூக்கிச் சுமந்த அந்த ஏற்பாடு இதுதான்.

பாகவதர் தாமே இயக்கி நடித்த 'புது வாழ்வு' 1957இல் வந்து போனது. 1959 நவம்பர் 1ஆம் தேதி இறந்தார். 'சிவகாமி' அவர் செத்த மறு வருஷம் வந்தது. மொத்தம் 14 படங்கள். சிறைக்குப் பின் வந்தவை ஐந்து.

நவம்பர் 1 புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு நாள். 1954இல் பிரெஞ்சுக்காரனிடமிருந்து ஊர் கைமாறிய தேதி. இப்போது விடுதலை நாள் என்று கொடியேற்றுகிறார்கள். கொடியேற்றும் சத்தம் ஓய்ந்த பிறகு தாத்தா கிராமபோனைத் துடைத்து வைப்பார். முதலில் 'சிவகவி', பிறகு 'ஹரிதாஸ்'. 'ராஜமுக்தி' வருஷத்துக்கு அந்த ஒருநாள் மட்டும், கடைசியில்தான். எதிர்வீட்டு ரேடியோவில் எம்.ஜி.ஆர். பாட்டு கேட்டு, "பாகவதர் மாதிரியே இல்ல?" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முள்ளைத் தூக்கிவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

"மாதிரின்னா என்னய்யா மாதிரி? ஆளு எங்க?"

அவர் இறந்த பிறகு தட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். 'ராஜமுக்தி' தட்டுகளில் மற்றவையெல்லாம் கறுப்பு மாறாமல் பளபளவென்று இருந்தன. வசந்தகுமாரியோடு பாடிய பக்கம் மட்டும் முள் ஓடி ஓடி நரைத்துப் போயிருந்தது. வருஷத்துக்கு ஒருநாள் போட்டால் ஒரு தட்டு அப்படித் தேயாது.