மீட்கப்பட்ட நிலம்

கொழும்பைச் சூழ்ந்த தாழ்நிலங்களை "மீட்டு" அபிவிருத்தி செய்வதற்கென 1968ஆம் ஆண்டில் 15ஆம் இலக்கச் சட்டம் ஒன்று பிறந்தது. சட்டத்தின் மொழியில் மீட்பு என்றால் சேற்றில் மண் கொட்டி மேடாக்குதல். ஆனால் மீட்பு என்ற சொல்லை நாம் அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. ஒரு பொருள் மீட்கப்படுகிறது என்றால் அது யாரோ ஒருவன் கையில் சிறைப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் இந்த நிலத்தைச் சிறைப்பிடித்து வைத்திருந்தவன் யார்? நாரையா? உள்ளானா? கீரை பறித்தும் மீன் பிடித்தும் பிழைத்த ஏழையா? மீட்டவர்கள் யாருக்காக மீட்டார்கள்?

சதுப்பு நிலம் பயனற்ற நிலம் என்ற எண்ணம் ஆதியில் இருந்ததன்று. பதினான்காம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் படையைத் தடுக்க அழகக்கோனார் கோட்டையைக் கட்டியபோது, அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணமே சுற்றியிருந்த சதுப்புதான். கல்லும் மண்ணும் செய்ய முடியாத காவலைச் சேறு செய்தது. வடக்கே நீர்கொழும்புக் களப்பையொட்டிக் கிடக்கும் முத்துராஜவெல, முத்துப் போன்ற நெல் விளைந்த அரச வயல் என்று பெயருக்குப் பொருள் சொல்லும் அளவுக்குச் செழித்திருந்தது. பின்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வாணிபப் படகுகளுக்காகக் கால்வாய் வெட்டினார்கள். கறுவாப் பட்டை கடலுக்குப் போயிற்று. கடலின் உவர்நீர் வயலுக்குள் ஏறிற்று. அந்த உவரை வடிப்பதற்காக ஆங்கிலேயர் 1804இல் ஹமில்டன் கால்வாயை வெட்டி முடித்தனர். நெல் திரும்பவில்லை. வயலைக் கெடுத்தது வாணிபம். "பாழ்நிலம்" என்ற பட்டமோ நிலத்தின் தலையில் விழுந்தது. குடியேற்ற ஆட்சியின் கணக்கேடுகள் எப்போதும் இப்படித்தான் எழுதப்பட்டன.

சதுப்பு நிலம் செய்கிற வேலையை நகரம் உணர்வது மழை நாளில். களனி கங்கையின் வெள்ளச் சமவெளியில், கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஊர் கொழும்பு. பெய்யும் மழை உடனே கடலுக்குள் ஓடிவிட முடியாது. சில மணி நேரம், சில வேளை சில நாட்கள், அது எங்காவது தங்க வேண்டும். தங்கும் இடம் சதுப்பு. வெள்ளவத்தையில் வாழும் நம்மவருக்கு இது கண்முன் தெரியும் செய்தி: ஊரின் வடக்கே வெள்ளவத்தைக் கால்வாய், தெற்கே தெஹிவளைக் கால்வாய். இரண்டும் உள்நாட்டுச் சதுப்புகளின் நீரைக் கடலுக்குக் கொண்டுவரும் வாய்கள். உள்ளே தேக்கிடம் சுருங்கினால் வாய் எவ்வளவு அகலமாயிருந்தும் பயனில்லை. 1992 ஜூன் 4ஆம் திகதி ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை கொட்டியபோது கொழும்பு இந்தப் பாடத்தைப் படித்தது. படித்ததை மறந்தும் விட்டது. 2010 நவம்பரில் மீண்டும் வெள்ளம் வந்தபோது பாராளுமன்றமே நீரில் நின்றது. 1982இல் அந்த மண்டபம் எழுந்த இடம், தியவன்னா ஓயாவின் சேற்றைத் தோண்டி ஏரியாக்கி நடுவே விட்ட திடல். ஒரு காலத்தில் அரசனைக் காத்த சதுப்பு, தன்னைக் காக்காத அரசின் வாசற்படியில் ஏறியது. சட்டம் இயற்றுவோர் நனைந்த அந்த ஒரு நாளைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. கொலன்னாவையிலும் களனிக் கரைகளிலும் ஆண்டுதோறும் நனைவோரைப் பற்றி அவ்வளவு எழுதுவதில்லை.

மண் கொட்டியது ஒரு வகை மீட்பு. குப்பை கொட்டியது மற்றொரு வகை. கொட்டாஞ்சேனையை அடுத்த புளுமெண்டால் என்ற பெயருக்கு ஒல்லாந்த மொழியில் பூக்களின் பள்ளத்தாக்கு என்று பொருள். அந்தப் பள்ளத்தாக்கில் நகரம் தன் கழிவை மலையாகக் குவித்தது. அடிவாரத்தில் துறைமுகத் தொழிலாளரும் நாட்கூலிகளும் தெருக்கூட்டுவோரும், தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி, ஒரே நாற்றத்தைச் சுவாசித்தார்கள். நாரை போன இடத்தில் காகம் வந்தது. உண்ணிக்கொக்கு சேற்றில் பூச்சி பொறுக்குவதை விட்டுக் குப்பையில் பொறுக்கக் கற்றது. 2009இல் நீதிமன்ற உத்தரவால் அங்கே கொட்டுவது நின்றது. குப்பை நின்றதா? இல்லை, இடம் பெயர்ந்தது. கொலன்னாவைச் சதுப்பின் ஓரத்து மீதொட்டமுல்லையில் புதிய மலை வளர்ந்தது. அங்கிருந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் மறியல் செய்தார்கள், மனுக் கொடுத்தார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், அந்த மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சதுப்பு சுமை தாங்கும் தரையன்று. இதை அறிய விஞ்ஞானப் பட்டம் வேண்டியதில்லை. சேற்றில் கால் வைத்தவன் எவனுக்கும் தெரியும். ஆயினும் கொழும்பு 7இன் குப்பை கொழும்பு 7இல் குவியவில்லை என்பதுதான் இங்கே முதன்மையான உண்மை.

இனி, காத்தவர்களைப் பற்றியும் பேச வேண்டும். இலங்கையில் வனவிலங்குப் பாதுகாப்பின் அமைப்பு முறையான தொடக்கம் 1894இல் உருவான வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம். பெயரே கதையைச் சொல்லிவிடுகிறது. தோட்டத் துரைமார் தாம் சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்று கூடிய சங்கம் அது. பிற்காலத்தில் அது நல்ல பணிகளும் செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பறவையைக் காக்கும் எண்ணம் துரைமார் கொண்டுவந்த சீதனம் என்று நம் பாடப் புத்தகங்கள் கருதுமானால், கடலுக்கு அப்பால் செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலைப் பார்க்கட்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கலெக்டரிடம் போய் எழுத்தில் தடை வாங்கி வந்தவர்கள் அவ்வூர்க் குடியானவர்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் தம் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கண்ட பொருளாதாரம். உழைப்பவனுக்கும் பறவைக்கும் பகையில்லை. இருவருக்கும் ஒரே நீர்.

1943இல் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றிற்று. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து களப் பறவையியல் குழு தோன்றிற்று. கைத்துப்பாக்கியின் இடத்தைத் தொலைநோக்கி பிடித்த வரலாறு இது. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கையில் இலங்கை 1990இல் சேர்ந்தது. அதே ஆண்டில் தெஹிவளைக்கு உட்புறமுள்ள பெல்லன்வில-அத்திடிய சதுப்பில் ஏறத்தாழ 370 ஹெக்டேயர் சரணாலயமாயிற்று. 1996இல் முத்துராஜவெலவின் ஒரு பகுதி சரணாலயமாயிற்று. வடவாசியாவின் குளிருக்கு அஞ்சி வரும் உள்ளான்களுக்கும் மீசை ஆலாக்களுக்கும் இத்தீவுதான் பயணத்தின் தென்கோடி. இதற்கப்பால் பெருங்கடல். அத்திடியவில் இடமில்லை என்றால் இன்னும் தெற்கே போவோம் என்று அவை முடிவு செய்ய முடியாது.

இப்பணியில் வீரச் செயல் குறைவு. விடியுமுன் சேற்றோரம் நின்று நீலத் தாழைக்கோழி எத்தனை, இலைக்கோழி எத்தனை, இராக்கொக்கு எத்தனை என்று ஆண்டுக்காண்டு எண்ணி எழுதுவது. எண்ணிக்கை குறைந்தால் காரணம் தேடுவது. இரவில் மண் கொட்டிச் செல்லும் லொறியைப் பற்றி அறிவித்து, அறிவித்ததற்காக மிரட்டலை வாங்கிக்கொள்வது. கால்வாயில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரும் தொழிலாளியின் பெயர் எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. அலங்காரச் செடியாக ஒரு நூற்றாண்டுக்கு முன் கொண்டுவரப்பட்டு, 1909இலேயே தனிச் சட்டம் போட்டு ஒழிக்க முயன்ற பூ அது. இன்றும் அவன் வாரிக்கொண்டே இருக்கிறான். பறவை எண்ணுபவனும் இவனும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்து பேசும் நாள் இன்னும் வரவில்லை என்பது என் குறை.

2018 ஒக்டோபரில் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு ஏற்கப்பட்டது. பெருநகரில் எஞ்சியிருப்பதாகக் கணக்கிடப்பட்ட ஈரநிலம் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். மண் கொட்டப் பிறந்த அதே கூட்டுத்தாபனம் இப்போது ஈரநிலப் பூங்கா நடத்துகிறது. அதன் பெயரிலிருந்து மீட்டல் என்ற சொல்லும் போய்விட்டது. மகிழ வேண்டிய மாற்றம். ஆனால் எச்சரிக்கையோடு மகிழ வேண்டும். 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வைக்கப்பட்ட காலத்திலிருந்து, கால்வாய்க் கரைக் குடிசைகள் "அழகுபடுத்தலுக்காக" அகற்றப்பட்டன. மக்கள் மாடிக் குடியிருப்புகளில் அடுக்கப்பட்டார்கள். குடிசைதான் சதுப்பை அழித்தது என்று அப்போது சொல்லப்பட்டது. சதுப்பின் மேல் எழுந்த களஞ்சியங்களையும் மாளிகைகளையும் எவரும் அவ்வாறு சொல்லிக் கேட்டதில்லை. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் 1933இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த மண்ணில் இன்று விண்முட்டும் குடியிருப்புகள் நிற்கின்றன. அவற்றின் விளம்பரத்தில் பசுமையும் விற்பனைப் பொருள். நீரருகே வாழும் உரிமை இப்படித்தான் கைமாறுகிறது.

முத்துராஜவெலவின் கதை முடியவில்லை. கெரவலப்பிட்டியப் பக்கம் மண்ணும் குப்பையும் ஏற்கெனவே அதன் தென்பகுதியைத் தின்றுவிட்டன. 2021இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை வர்த்தமானி மூலம் அந்நிலத்தைத் தன் அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவர முனைந்தபோது, கொழும்புப் பேராயரும் சுற்றாடல் அமைப்புகளும் நீதிமன்றம் ஏறினார்கள். நீர்கொழும்புக் களப்பில் இறால் பிடிக்கும் மீனவருக்கு வழக்கின் சட்ட நுணுக்கம் தெரிய வேண்டியதில்லை. களப்பின் மீன் குஞ்சு சதுப்பின் கண்டல் வேரில்தான் வளர்கிறது என்பதை அவர் தம் தந்தையிடம் கற்றார். அவருடைய வலையில் இவ்வாண்டு என்ன விழுந்தது என்று நம் மாணவர்கள் போய்க் கேட்டு எழுதி வரலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணந்தான்.