நூவோ: என்விடியா அட்டைகளுக்கான திறந்த மூல இயக்கியின் வரலாறு

நூவோ என்பது என்விடியா நிறுவனத்தின் வரைகலை அட்டைகள் லினக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்வதற்காகத் தன்னார்வலர்கள் தொடங்கிய திறந்த மூல இயக்கி ஆகும். அட்டையைத் தயாரித்த நிறுவனம் அதன் உள்ளமைப்பை வெளியிடாத நிலையில், அட்டையின் நடத்தையைக் கவனித்தே இந்த இயக்கி எழுதப்பட்டது. விலை கொடுத்து வாங்கிய கருவி எப்படி இயங்குகிறது என்று அறிய வாங்கியவருக்கு வழி உண்டா என்ற கேள்வி இதன் வரலாறு முழுவதும் தொடர்கிறது.

இயக்கி ஏன் தேவை

வரைகலை அட்டைக்குள் ரெஜிஸ்டர் எனப்படும் சிறு நினைவிடங்கள் ஏராளமாக உள்ளன. எந்த ரெஜிஸ்டரில் எந்த எண்ணை எழுதினால் திரையின் அளவு மாறும், எதில் எழுதினால் விசிறியின் வேகம் கூடும் என்பதை அறிந்து, இயங்குதளத்தின் கட்டளைகளை அட்டைக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருளே டிரைவர் எனப்படும் இயக்கி. இவ்விவரங்கள் அடங்கிய கையேடு இல்லாமல் இயக்கி எழுதுவது மிகவும் கடினம். விண்டோசுக்கு அட்டை நிறுவனங்களே இயக்கிகளை எழுதித் தந்தன. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்சுக்கு அந்த வசதி எல்லா நிறுவனங்களிடமிருந்தும் கிடைக்கவில்லை.

இரண்டு வழிகள்

2000களின் தொடக்கத்தில் லினக்சில் என்விடியா அட்டையைப் பயன்படுத்த இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 'என்வி' என்ற திறந்த மூல இயக்கி. இதில் சாளரங்களும் எழுத்துகளும் தெரியும். முப்பரிமாண வரைகலைக்கு ஆதரவு இல்லை. இதன் மூலநிரலைப் படித்தும் அட்டையைப் பற்றி அதிகம் அறிய முடியவில்லை.

மற்றொன்று, நிறுவனமே வெளியிட்ட மூடிய இயக்கி. இது வேகமாக இயங்கியது. ஆனால் லினக்சின் மையப்பகுதியான கெர்னல் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகிறது. இயக்கியின் ஒரு பகுதியை ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் ஏற்ப மீண்டும் தொகுக்க வேண்டும். அது பொருந்தாமல் போனால், கணினியைப் புதுப்பித்த பயனர் கறுப்புத் திரையையே காண நேரும். மூலநிரல் மூடியிருந்ததால் கெர்னல் நிரலாளர்களாலும் பிழையைத் திருத்த முடியாது. பழைய அட்டைகளுக்கு நிறுவனம் ஆதரவை நிறுத்தும்போது அவற்றின் எதிர்காலமும் கேள்விக்குள்ளானது.

நூவோவின் தோற்றம்

2005ஆம் ஆண்டு ஸ்டெஃபான் மார்ஷெசான் என்ற நிரலாளர் 'என்வி' இயக்கியை மேம்படுத்தும் பணியைத் தொடங்கினார். அரட்டை மென்பொருளில் அவர் 'என்வி' எனத் தட்டச்சு செய்தபோது, அது பிரெஞ்சு மொழியில் 'புதிய' என்று பொருள்படும் 'நூவோ' என்ற சொல்லாக மாற்றிக் காட்டியது. அதுவே திட்டத்தின் பெயரானது. 2006இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த ஃபோஸ்டெம் மாநாட்டில் திட்டம் அறிவிக்கப்பட்டது.

கையேடு இல்லாததால் குழுவினர் ரிவர்ஸ் இன்ஜினியரிங் எனப்படும் பின்னோக்கிய பொறியியலைக் கையாண்டனர். மூடிய இயக்கி ஓடும்போது ஒரு சிறிய வரைகலைக் கட்டளையைக் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் ரெஜிஸ்டர்களில் இருந்த எண்களை ஒப்பிட்டனர். எந்த எண் மாறியதோ அதற்கும் அந்தக் கட்டளைக்கும் தொடர்பு உண்டு என்பது அடிப்படை. வெவ்வேறு அட்டைகளை வைத்திருந்த பயனர்கள் இச்சோதனையைத் தம் கணினிகளில் ஓட்டி முடிவுகளை அனுப்பி உதவினர். இயக்கி அட்டைக்கு எழுதும் ஒவ்வொரு எண்ணையும் பதிவு செய்யும் 'எம்எம்ஐஓடிரேஸ்' என்ற கருவி இப்பணிக்குப் பெரிதும் பயன்பட்டது. 2008இல் அது லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது.

2009இல் ஃபெடோரா 11 பதிப்பு நூவோவை இயல்பான இயக்கியாக ஏற்றது. 2010 பிப்ரவரியில் வெளியான 2.6.33 கெர்னலில் அது சோதனை நிலையில் இடம்பெற்றது, 2012இல் 3.4 பதிப்பில் சோதனை நிலையைக் கடந்தது. பல கணினிகளில் லினக்சை நிறுவியவுடன் திரை தெரிந்ததற்கு இந்த உழைப்பே காரணம்.

மற்றொரு நிறுவனத்தின் பாதை

2006இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கிய ஏஎம்டி, 2007இல் அதன் வரைகலை அட்டைகளின் விவரக்குறிப்புகளை வெளியிடுவதாகவும் திறந்த மூல இயக்கிக்கு ஆதரவளிப்பதாகவும் அறிவித்தது. 2015இல் வெளியான 4.2 கெர்னலில் அதன் புதிய 'ஏஎம்டிஜிபியு' இயக்கி சேர்ந்தது. எனவே என்விடியா மீதான அதிருப்தி மேலும் வெளிப்படையானது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், தாங்கள் சந்தித்த நிறுவனங்களிலேயே மோசமானது என்விடியா என்று கடுமையாகச் சாடினார். 2013இல் அந்நிறுவனம் நூவோ குழுவுக்குச் சில ஆவணங்களை வழங்க முன்வந்தது.

கையொப்பமிட்ட நிலைபொருள்

2014இல் வெளிவரத் தொடங்கிய ஜிஃபோர்ஸ் 900 வரிசை புதிய தடையைக் கொண்டுவந்தது. அட்டைக்குள் ஓடும் ஃபர்ம்வேர் எனப்படும் நிலைபொருளில் நிறுவனத்தின் மின்கையொப்பம் இருந்தால்தான் அட்டை அதை ஏற்கும். முன்பு எண்களைக் கவனித்து விடையைக் கண்டுபிடிக்க முடிந்தது. கையொப்பத்தை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது.

இதன் விளைவு வேகத்தில் தெரிந்தது. வரைகலை அட்டை கணினி தொடங்கும்போது குறைந்த வேகத்தில் இருக்கும்; பிறகு இயக்கிதான் அதை உயர்த்த வேண்டும். 2016 முதல் கையொப்பமிட்ட நிலைபொருள் சில வெளியிடப்பட்டாலும், வேகத்தை உயர்த்தத் தேவையான பகுதி அவற்றில் இல்லை. இதனால் நூவோவில் 900, 1000 வரிசை அட்டைகள் தொடக்க வேகத்திலேயே நின்றன. அவற்றுக்கு முந்தைய 600, 700 வரிசை அட்டைகள் பலவற்றின் வேகத்தையோ பயனரே கட்டளையிட்டு உயர்த்த முடிந்தது.

2022க்குப் பின்

2022 மே மாதம் என்விடியா தன் இயக்கியின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 2018இல் வந்த டூரிங் வகை அட்டைகளுக்கும் அதன் பின் வந்தவற்றுக்கும் மட்டுமே அது பொருந்தும். இந்த அட்டைகளுக்குள் ஜிஎஸ்பி என்ற தனிச் செயலி உண்டு. முன்பு இயக்கி செய்த வேலைகளில் பெரும்பகுதியை அச்செயலியில் ஓடும் நிலைபொருள் செய்கிறது. அந்த நிலைபொருள் இன்றும் மூடியதே. அதாவது, இயக்கியின் கெர்னல் பகுதி திறந்தபோது, அதிலிருந்த மூடிய வேலைகள் பல அட்டைக்குள் இடம்பெயர்ந்திருந்தன.

ஆயினும் பயனருக்குப் பலன் கிடைத்தது. 2024 ஜனவரியில் வெளியான 6.7 கெர்னலில் ஜிஎஸ்பி நிலைபொருளைப் பயன்படுத்தும் வசதி நூவோவுக்கு வந்ததால், டூரிங் முதலான அட்டைகளின் வேகத்தை உயர்த்த முடிந்தது. மேசா என்ற திறந்த மூல வரைகலைத் தொகுப்பில் 'என்விகே' என்ற வல்கன் இயக்கியும் உருவானது. நூவோவை நெடுங்காலம் பராமரித்த பென் ஸ்கெக்ஸ் 2023இல் அப்பொறுப்பிலிருந்து விலகினார். ரஸ்ட் மொழியில் எழுதப்படும் 'நோவா' என்ற இயக்கி அடுத்த கட்டமாக வளர்ந்து வருகிறது. அதுவும் ஜிஎஸ்பி உள்ள அட்டைகளுக்கானது.

இடைப்பட்ட 900, 1000 வரிசை அட்டைகளின் நிலை மட்டும் மாறவில்லை. 580 வரிசையே இவற்றை ஆதரிக்கும் கடைசி மூடிய இயக்கி என்று 2025இல் என்விடியா அறிவித்தது. அதற்குப் பின் இந்த அட்டைகளை நூவோவில் ஓட்டலாம். முழு வேகத்தில் ஓட்டுவதற்கான அனுமதி இன்னும் நிறுவனத்தின் கையொப்பத்திடமே இருக்கிறது.