கிளிக்குப் பத்து, குரங்குக்குப் பத்து: தினைப்புனக் காவலின் கதை

மாடியில தக்காளி வெச்சு, சரியா பழுக்கிற வாரத்துல குரங்குக்குப் பறிகொடுத்த ஆளா நீங்க? அப்போ உங்களுக்கு ரொம்பப் பழைய கூட்டாளி ஒருத்தர் இருக்காரு. கபிலர்.

ஐங்குறுநூறுல குறிஞ்சித் திணைக்கான நூறு பாட்டும் அவர் பாடினது. பத்துப் பத்தா பிரிச்சு, ஒவ்வொரு பத்துக்கும் பேர் வெச்சிருக்காங்க. கடைசி நாலு பேரைக் கேளுங்க: கேழற்பத்து, குரக்குப்பத்து, கிள்ளைப்பத்து, மஞ்ஞைப்பத்து. அதாவது காட்டுப்பன்றி, குரங்கு, கிளி, மயில். இன்னைக்குக் கோயம்புத்தூர் பக்கம் ஒரு விவசாயிகிட்ட கேட்டா, கூட யானையையும் சேர்த்து ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் சொல்வாரு. ஆனா கபிலர் எழுதினது பயிர்ப் பாதுகாப்புக் கையேடு இல்ல. அத்தனையும் காதல் பாட்டு!

காதலுக்கும் பயிர்க்காவலுக்கும் என்ன சம்பந்தம்? மலைச்சரிவுல காட்டை எரிச்சு, அந்த இடத்துல தினை விதைப்பாங்க. கதிர் முத்தினதும் பகல்ல கிளி, ராத்திரி பன்றியும் யானையும் வரும். பகல் காவல் பெரும்பாலும் வயசுப் பொண்ணுங்க வேலை. உயரமா ஒரு பரண், அன்னைக்கு அதுக்கு இதணம்னு பேர். கையில கல் வீசக் கவண். அதோட ஓசை எழுப்பிக் கிளி ஓட்டத் தழல், தட்டை, குளிர்னு மூணு கருவி. குறிஞ்சிப்பாட்டுல மூணும் வருது. தட்டைங்கிறது பிளந்த மூங்கில்தான்.

இதெல்லாம் வேலை செஞ்சுதான்னு கேட்டா, குறுந்தொகை 291-ஐப் பாருங்க. அதுவும் கபிலர்தான். அவ குளிரை இசைக்க, கிளிங்க அதை அவளோட குரல்னே நினைச்சுக்கிட்டு, நகராம உட்கார்ந்து தின்னுது! அகநானூறு 102 இன்னும் மேல. காவலுக்குப் போன ஆளு கள்ளைக் குடிச்சுட்டு பரண்ல கிடக்கான். அவன் மனைவி கூந்தலைக் கோதிக்கிட்டே குறிஞ்சிப் பண் பாடுறா. மேய வந்த களிறு கதிரையும் தொடல, இடத்தை விட்டும் நகரல, நின்ன இடத்துலேயே தூங்கிடுது. புலவர் கொஞ்சம் அளந்துவிட்டிருக்கலாம். ஆனா விலங்குக்கும் பயிருக்கும் நடுவுல ராத்திரி பகலா ஒரு மனுஷர் உட்கார்ந்திருக்கணும்ங்கிறது நிஜம். இன்னைக்கு அந்த இடத்துல வலையும் வேலியும் இருக்கு. திருட்டுத்தனமா கரன்ட் பாய்ச்சின வேலியில யானையும் சாகுது, மனுஷங்களும் சாகுறாங்க.

அந்தப் பொண்ணுக்கு இந்த வேலையில என்ன கிடைச்சது? வீட்டுக் கண்ணுல படாத சில வாரம். காதலன் வந்து பேசக்கூடிய இடம் அந்தப் புனம். வள்ளியை முருகன் சந்திச்சதும் அப்படி ஒரு தினைப்புனத்துலதான். அறுவடை முடிஞ்சா கதையும் முடிஞ்சுது. அவளை வீட்டுக்குள்ள வெச்சிடுவாங்க. இதுக்கு இற்செறிப்புன்னே இலக்கணத்துல தனிப் பேர் இருக்கு. கிளி வந்தாத்தான் காவல், காவல் இருந்தாத்தான் அவ வெளியில.

இப்போ கிள்ளைப்பத்தோட முதல் பாட்டைக் கேட்டா புரியும். தினையை நாசம் பண்ற கிளிகளைப் பார்த்து, ஊழிக்காலம் கடந்தும் நீங்க நல்லா இருக்கணும்னு வாழ்த்துறான் ஒருத்தன். அவளைக் காவலுக்கு வரவெச்சதே அந்தக் கிளிங்கதானாம்.