குறட்டை விட்ட காளைகள்

1933-ல் சித்தூரும் திருப்பதியும் மெட்ராஸ் மாகாணத்துக்குள் இருந்தன. வட ஆற்காடு, கடப்பைப் பகுதிகளைச் சேர்த்து 1911-ல் உண்டான சித்தூர் மாவட்டம் ஏரியை நம்பிய சீமை. தமிழும் தெலுங்கும் புழங்கும் ஊர்கள்; மாடும் மனிதனும் இறங்கும் ஒரே குளம். மாகாணத்து மாடுகளைப் படுத்திய குறட்டை நோய்க்கு இப்படிப்பட்ட தண்ணீர்தான் தோது.

நோய் கண்ட மாடு விழித்திருக்கும்போதே குறட்டை விடும். மூக்கில் சளியும் சீழும் வழியும், சில சமயம் இரத்தமும் வரும். உள்ளே சதை வளர்ந்து மூச்சை அடைப்பதால், ஏர் பூட்டினால் நாலு சால் போவதற்குள் இளைக்கும்.

அந்த 1933-ல்தான் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் எம்.அனந்த நாராயண ராவ் குற்றவாளிக்குப் பெயர் வைத்தார். அது மூக்குச் சவ்வின் சிரைகளுக்குள் குடியிருக்கும் தட்டைப்புழு, ஷிஸ்டோசோமா நாசாலே. ஆண் புழு உடலை மடித்துப் பள்ளமாக்கி, அதற்குள்ளேயே பெண்ணை வைத்துக்கொள்ளும். வளரி போல வளைந்த முட்டைகள் சவ்வில் சிக்க, அவற்றைச் சுற்றித்தான் அந்தச் சதை வளர்கிறது. புழுவைவிட முட்டைதான் பொல்லாதது.

மாடு தண்ணீர் குடிக்கக் குனியும்போது சளியோடு முட்டை குளத்தில் விழும். அதிலிருந்து வெளிவரும் குஞ்சு, இன்டோபிளானார்பிஸ் என்ற தட்டைச்சுருள் நத்தைக்குள் புகுந்து பெருகும். பிறகு வால் முளைத்த இளம்புழுக்களாக நீந்திவந்து, இறங்கிய மாட்டின் தோலைத் துளைக்கும். எருமைக்கும் தொற்றும், ஆனால் பெரும்பாலும் வெளியே காட்டாது. குறட்டையே விடாமல் குளத்தைக் கெடுப்பது அதுதான்.

ராவ் காரணத்தோடு நிற்கவில்லை. ஆன்டிமனி உப்பான டார்டார் எமெடிக்கைச் சிரையில் ஏற்றி நோயைக் குணப்படுத்தும் வழியையும் எழுதினார். மருந்து கடுமையானது, ஊசி சிரையை விட்டு விலகினால் சுற்றியுள்ள தசை புண்ணாகிவிடும். அந்தக் காலத்தில் அதைவிட்டால் வேறு கதியில்லை.

சேற்றில் நின்று நாற்று நடுபவர்களின் காலில் வரும் அரிப்புக்கும் மாட்டுப் புழுக்கள் காரணமாகலாம். மனிதத் தோலுக்குள் நுழைந்து, அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே சாகும். தடிப்பு மட்டும் மிஞ்சும்.

மனித இரத்தக் குழாயிலேயே குடியேறும் புழு இந்தியாவில் உண்டா? மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்துக் கிம்வி கிராமத்தில், சிறுநீரில் இரத்தம் போன நோயாளிகளைப் பற்றி 1952-ல் ஓர் அறிக்கை வந்தது. அந்த ஊருக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)