மாமல்லபுரத்தில் தவறிய தங்கம்

2024 செப்டம்பர் 22 அன்று ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் ஒரே நாளில் சதுரங்க ஒலிம்பியாட் தங்கத்தை வென்றன. அதற்குப் பின் எழுதப்பட்ட கட்டுரைகள் அனைத்திலும், இரண்டாண்டுகளுக்கு முன் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட் ஒரு முன்னோட்டமாகவே சுருங்கிவிட்டது. அங்கே விதைத்தார்கள், இங்கே அறுத்தார்கள் என்ற வாய்பாட்டில் அது அடங்கிவிடுகிறது. பின்னால் வந்த வெற்றி, முன்னால் நேர்ந்த தோல்வியைத் தன் வீட்டு வாசற்படியாக ஆக்கிக்கொள்வது வரலாற்றில் புதிதன்று. ஆயினும் 2022 ஆகஸ்டில் அந்தக் கடற்கரை ஊரில் நிகழ்ந்தது எதற்கும் முன்னோட்டமாக நிகழவில்லை. அதில் ஆடிய சிலருக்கு அதுவே முழு நாடகம். அதை அதன் அளவிலேயே வைத்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த 44ஆவது ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. உக்ரைன் மீது போர் தொடங்கியதும் சர்வதேசக் கூட்டமைப்பு அதை அங்கிருந்து அகற்றியது. தமிழ்நாடு அரசு முன்வந்தது. நான்கே மாத ஆயத்தத்தில் 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் கூடின. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டியதும், வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' மூலைக்கு மூலை நின்றதும் பலருக்கும் நினைவிருக்கும். ரஷ்யா தடை செய்யப்பட்டிருந்தது, சீனா வரவில்லை. ஆகவே களம் வழக்கத்தைவிடத் திறந்து கிடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆட்டம் அறியாதவர்களுக்காகக் கணக்கு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணியில் ஐவர். ஒரு சுற்றில் நால்வர் ஆடுவர். நான்கு பலகைகளின் கூட்டுக் கணக்கில் முந்தும் அணிக்கு இரண்டு புள்ளி, சமனானால் ஆளுக்கொரு புள்ளி. பதினொரு சுற்றுகள். நான்கு பலகையிலும் வென்றாலும் இரண்டே புள்ளிதான். ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றாலும் அதே இரண்டுதான். தனியொருவனின் மேதைமைக்கும் அணியின் முடிவுக்கும் இடையே உள்ள விநோதமான இந்த உறவில்தான் மாமல்லபுரத்தின் துயரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியா ஆடவர் பிரிவில் 'ஏ', 'பி', 'சி' என மூன்று அணிகளை நிறுத்தியது. 'ஏ' அணி தரவரிசையில் இரண்டாம் இடம், அமெரிக்கா முதலிடம். 'பி' அணி பதினொன்றாம் இடம். அந்த 'பி' அணியில் ஒருவர் தவிர ஏனையோர் கல்லூரி வாசலைக்கூட மிதிக்காத வயதினர். குகேஷுக்குப் பதினாறு, ரௌனக் சத்வானிக்குப் பதினாறு, போட்டி முடிந்த மறுநாள் பதினேழை எட்டவிருந்த பிரக்ஞானந்தா, பதினெட்டு நிரம்பிய கேரளத்து நிஹால் சரின். இவர்களுக்கு அண்ணன் போல முப்பதை நெருங்கிய அதிபன். பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ். 2014இல் நார்வேயின் டிரோம்சோவில் இந்தியா முதன்முதலாக ஒலிம்பியாட் வெண்கலம் பெற்றபோதும் பயிற்சியாளர் அவரே. அதிபன் அந்த அணியிலும் ஆடியவர்.

எங்கள் மாவட்டத்துப் பெருமையையும் இங்கே கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். குகேஷ் படித்த பள்ளி திருவள்ளூர் மாவட்டத்து மேல் அயனம்பாக்கத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் மாணவர்களில் பலர் சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் முடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறவர்கள். அந்த இரண்டு வாரமும் சென்ட்ரலிலிருந்து வரும் மின்தொடர்வண்டியில், கிரிக்கெட் ஓடும் கைபேசிகளில் சதுரங்கப் பலகை ஓடியதைப் பார்த்தேன். காய்களின் பெயர் தெரியாதவர்கள்கூடப் பலகைக்கு அருகே ஏறி இறங்கும் வெள்ளைப் பட்டையைப் பார்த்து யார் முன்னணி என்று சொல்லக் கற்றிருந்தார்கள்.

'பி' அணி முதல் மூன்று சுற்றுகளிலும் ஐக்கிய அரபு அமீரகம், எஸ்தோனியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்றையும் நான்குக்குச் சுழியமாக வீழ்த்தியது. நான்காம் சுற்றில் இத்தாலி, ஐந்தாம் சுற்றில் ஸ்பெயின். ஸ்பெயினுக்காக ஆடிய அலெக்ஸி ஷிரோவ் ஒரு காலத்தில் உலகப் பட்டத்தின் வாயிலைத் தட்டியவர். அவரைக் குகேஷ் வென்றார். ஆறாம் சுற்றில் ஆர்மீனியாவிடம் அணி தோற்றது. அன்றும் முதற்பலகையில் குகேஷ் வென்றிருந்தார். பிறகு கியூபா. எட்டாம் சுற்றில், ஆகஸ்ட் 6 அன்று, அமெரிக்கா. கருவானா, ஆரோனியன், வெஸ்லி சோ, டொமிங்கெஸ் என்ற நால்வரணியைப் பிள்ளைகள் மூன்றுக்கு ஒன்று எனச் சாய்த்தார்கள். கருவானாவைக் குகேஷும் டொமிங்கெஸை ரௌனக்கும் வென்றனர். எட்டு ஆட்டத்தில் எட்டு வெற்றி என்ற குகேஷின் கணக்கு ஒலிம்பியாட் முதற்பலகையில் அரிதினும் அரிது.

ஒன்பதாம் சுற்றில் அஜர்பைஜானோடு சமன். தோற்றிருக்க வேண்டிய அந்த ஆட்டத்தைப் பிரக்ஞானந்தாவின் விடாப்பிடி காப்பாற்றியது. ஆகஸ்ட் 8 அன்று பத்தாம் சுற்று. எதிரே உஸ்பெகிஸ்தான். தரவரிசையில் பதினான்காம் இடத்தில் வந்த அந்த அணியும் இளைஞர் கூட்டம்தான். முதற்பலகையில் பதினேழு வயது நோதிர்பெக் அப்துசத்தாரோவ். முந்தைய டிசம்பரில்தான் உலக அதிவேகச் சதுரங்கப் பட்டத்தை வென்றிருந்தார். அவர்கள் பதினாறு புள்ளி, 'பி' அணி பதினைந்து. உண்மையில் அன்றைக்கு நடந்ததுதான் இறுதிப் போட்டி.

பிரக்ஞானந்தா சிந்தரோவை வென்றார். இரு பலகைகள் சமன். கணக்கில் எஞ்சியது முதற்பலகை. குகேஷ் தோற்காதிருந்தாலே சுற்று இந்தியாவுக்கு. அவரோ தோற்காத நிலையில் மட்டுமல்ல, வெல்லும் நிலையில் இருந்தார். நெடிய ஆட்டம், கடிகாரத்தில் நொடிகள் எஞ்சின, அப்போது ஒரு பிழை. சற்று நேரத்தில் ஆட்டமே கைவிட்டுப் போயிற்று. தலையைக் கைகளில் புதைத்து அமர்ந்திருந்த அந்தப் பதினாறு வயதுச் சிறுவனின் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கு இரண்டு. சமனில் முடித்துக்கொண்டிருக்கலாமே என்று பின்னால் பலரும் சொன்னார்கள். சொல்வது எளிது. எட்டுப் பேரைத் தொடர்ந்து வீழ்த்திய ஒருவனிடம் போய், இந்த இடத்தில் மட்டும் அஞ்சி நில் என்று சொல்ல முடியுமா? எந்தக் குணம் அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதோ அதே குணம்தான் அவனைத் தோற்கடித்தது. மறுநாள் ஜெர்மனியை 'பி' அணி மூன்றுக்கு ஒன்று என வென்றது. இறுதிக் கணக்கில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் 19, இந்தியா 'பி' 18. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெள்ளி ஆர்மீனியாவுக்கு, வெண்கலம் நம் பிள்ளைகளுக்கு. அந்த ஒரு பலகை சமனாகியிருந்து மற்ற முடிவுகள் மாறாதிருந்தால் இந்தியா 19, உஸ்பெகிஸ்தான் 18. ஆர்மீனியாவுடனான துணைக்கணக்கு யார் பக்கம் சாய்ந்திருக்கும் என்பது வேறு கதை. தங்கம் தாஷ்கண்டுக்குப் போயிராது.

குகேஷுக்கு முதற்பலகைத் தனித் தங்கம் கிடைத்தது. பதினொன்றில் ஒன்பது புள்ளி. நிஹாலுக்கு இரண்டாம் பலகைத் தங்கம். ஒரே அணியின் முதலிரு பலகைகளும் உலகில் முதலிடம் பெற்றும் அணி மூன்றாமிடம்!

இக்கதை பரவலாகத் தெரிந்ததே. மகளிர் அணியின் கதை அந்த அளவு பேசப்படவில்லை. என் மதிப்பீட்டில் கனம் அதிகமானது அதுதான். ஏனெனில் 'பி' அணியிடம் எவரும் தங்கத்தை எதிர்பார்க்கவில்லை. கோனேரு ஹம்பி, துரோணவல்லி ஹரிகா, வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆகியோர் அடங்கிய மகளிர் 'ஏ' அணியோ தரவரிசையில் முதலிடத்தில் இறங்கியது. பயிற்சியாளர் அபிஜித் குந்தே. ஹரிகா அப்போது ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி. பதின்மூன்று வயதில் முதல் ஒலிம்பியாட் ஆடியவர், சொந்த நாட்டில் தங்கம் வெல்லும் வாய்ப்பை விட மனமின்றி வந்து அமர்ந்தார்.

முதல் ஏழு சுற்றுகளிலும் ஏழு வெற்றி. தஜிகிஸ்தானில் தொடங்கி அர்ஜென்டினா, இங்கிலாந்து, ஹங்கேரி, பிரான்ஸ், ஜார்ஜியா, அஜர்பைஜான் வரை ஒருவரும் தாங்கவில்லை. மகளிர் சதுரங்கத்தின் தாய்வீடு என்று சொல்லத்தக்க ஜார்ஜியாவை மூன்றுக்கு ஒன்று என வீழ்த்தினார்கள். ஹங்கேரிச் சுற்றில் மற்ற மூன்று பலகைகளும் சமனாகத் தானியா ஒருவரின் வெற்றி அணியைக் கரைசேர்த்தது. எட்டாம் சுற்றில் உக்ரைனோடு சமன். ஒன்பதில் போலந்திடம் ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. பத்தில் கஜகஸ்தானை மூன்றரைக்கு அரை என மீண்டும் ஒரு பெருவெற்றி. ஆகஸ்ட் 9 காலை விடிந்தபோது இந்தியா 17 புள்ளியுடன் தனித்து முன்னணியில் இருந்தது. பின்னால் 16 புள்ளியில் நான்கு அணிகள். கடைசிச் சுற்றில் அமெரிக்காவை வென்றால் தங்கம். வேறு எவர் தயவும் வேண்டாம்.

மூன்றுக்கு ஒன்று எனத் தோற்றார்கள். வழக்கமாகப் பிற்பகலில் தொடங்கும் ஆட்டம் கடைசி நாளில் மட்டும் காலை பத்து மணிக்கு. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உக்ரைனும் ஜார்ஜியாவும் தத்தம் ஆட்டங்களை வென்று 18க்கு ஏறின. இந்தியா 17இலேயே நின்றது. அதே 17 பெற்ற அமெரிக்காவையும் கஜகஸ்தானையும் துணைக்கணக்கில் முந்தியதால் வெண்கலமாவது தங்கிற்று. தங்கம் பெற்ற உக்ரைனிடம் நம்மவர் தோற்கவில்லை, வெள்ளி பெற்ற ஜார்ஜியாவை வென்றிருந்தார்கள் என்பதை நினைக்கையில் மனம் ஆறுவதில்லை. தன் நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருக்கையில் வந்து ஆடிய உக்ரைன் பெண்கள் வென்றதில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் மறுக்க முடியவில்லை.

அன்று மாலை நேரு உள்விளையாட்டரங்கில் நிறைவு விழா. இரண்டு வெண்கல அணிகளுக்கும் தலா ஒரு கோடி ரூபாய் பரிசை முதலமைச்சர் அறிவித்தார். மேடையில் பேசப்பட்டவை பெரும்பாலும் பெருமிதம். அது விழாவின் இயல்பு. திருப்பூவனூர்ச் சதுரங்க வல்லபநாதரை நாம் அந்த நாட்களில் கொஞ்சம் அதிகமாகவே மேடையேற்றிவிட்டோம் என்று தோன்றுகிறது. அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்த சிவன் கதை அழகானதே. எனக்கென்னவோ அதே நீடாமங்கலத்தை அடுத்த இன்னோர் ஊர்தான் நினைவுக்கு வந்தது: கோயில்வெண்ணி.

வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனிடம் சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். மார்பில் பாய்ந்த வேல் முதுகையும் துளைத்ததால் அதைப் புறப்புண் என்று கருதி நாணி, வடக்கிருந்து உயிர்விட்டான். புறநானூற்றின் 65ஆம் பாட்டில் கழாத்தலையார் அவனுக்காக இரங்குகிறார். அடுத்த பாட்டில் வெண்ணிக்குயத்தியார், வென்ற கரிகாலனையே விளித்து, உன்னைவிட அவன் நல்லவன் அல்லனோ என்று கேட்கிறார். வென்ற மன்னனின் முகத்துக்கு எதிரே, போர் நடந்த அதே ஊர்ப் பெண்ணொருத்தி கேட்ட கேள்வி அது. வெற்றியாளன் யார் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. அதைப் பாட்டில் ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறாள். ஆனால் தோற்றவனை வென்றவனின் கதையில் ஓர் அடிக்குறிப்பாக்க அவள் சம்மதிக்கவில்லை. வடக்கிருத்தலையும் சதுரங்கத்தையும் ஒப்பிடுவது மிகை என்பீர்கள், ஒப்பிடவில்லை. எழுதும் முறையை மட்டுமே சொல்கிறேன்.

புடாபெஸ்டில் ஆடவர் அணி 22க்கு 21 புள்ளி பெற்றது. தவறிய அந்த ஒரே புள்ளியும் உஸ்பெகிஸ்தானோடு சமனானதால் தவறியது. குகேஷ் அங்கே தனித் தங்கமும் வென்று, அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வீழ்த்தி உலக வாகையரானார். பிரக்ஞானந்தாவும் புடாபெஸ்டில் இருந்தார். மகளிரில் ஹரிகா, வைஷாலி, தானியா மூவரும் இருந்தனர். மாமல்லபுரத்து மகளிர் 'ஏ' அணியில் இருந்த பக்தி குல்கர்னி அங்கே இல்லை. நிஹால் இல்லை, ரௌனக் இல்லை, டிரோம்சோவிலும் மாமல்லபுரத்திலும் வெண்கலத்தோடு திரும்பிய அதிபன் இல்லை. இந்தியப் பெண்கள் சதுரங்கத்தைக் கால் நூற்றாண்டாகத் தோளில் சுமந்த கோனேரு ஹம்பியும் அந்த முறை ஆடவில்லை. நேருக்கு நேர் பலகையில் அமர்ந்து ஆடும் ஒலிம்பியாட் தங்கத்துக்கு அவர் மிக அருகில் நின்றது, 2022 ஆகஸ்ட் 9 காலை பத்து மணிக்குப் பூஞ்சேரியில்.