சுவரில்லாச் சிறை: பெருங்காமநல்லூரும் ரேகை மறுப்பும்

1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், செய்த செயலைக் கொண்டன்றிப் பிறந்த குலத்தைக் கொண்டே குற்றவாளியை வரையறுத்தது. உசிலம்பட்டி வட்டாரம் முதல் தேவாரம் அமைந்துள்ள கம்பம் பள்ளத்தாக்கு வரை பரவி வாழ்ந்த பிரமலைக் கள்ளர் இச்சட்டத்தின்கீழ்க் கொணரப்பட்டனர். கைரேகை பதியப்பெற்ற ஆடவர் இரவில் காவலர்முன் ஆஜராதல் வேண்டும். அனுமதிச் சீட்டின்றி வெளியூர் செல்லுதல் கூடாது. முள்வேலியின்றியே ஊர் சிறையாயிற்று. மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என வழங்கினர்.

பிற்காலத்தில் நாஜி ஜெர்மனியும் ரோமா மக்களை முகாம்களுக்கு அனுப்புமுன் காவல்துறைப் பதிவேடுகளில் அடைத்தது. அங்கு நிகழ்ந்த பேரழிப்பு இதனோடு ஒப்பிடற்கரியது. எனினும் பிறப்பையே குற்றமாக்கும் முறைமை இரண்டிற்கும் பொதுவானது.

இச்சிறையின் முதல் எதிர்ப்பு, பெருவிரலைத் தர மறுத்ததேயாகும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். உயிர் பிழைத்தோரில் பலர் விலங்கிடப்பட்டுத் திருமங்கலத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். எனினும் நம்பிக்கை அற்றுவிடவில்லை. 'ரோசாப்பூ துரை' என மக்கள் அன்புடன் அழைத்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அவர்களுக்காக வாதாடினார். சென்னை மாகாணத்தில் 1947இல் இச்சட்டம் நீக்கப்பட்டது.

அரசுப் பதிவேடு, ரேகை தந்தோரையே காட்டும். தர மறுத்து மாண்டோரின் பெயர்களை ஊரின் நினைவுத்தூணே தாங்கி நிற்கிறது. ஆவணக்காப்பகத்தை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வு, அடக்குமுறையை அறியுமேயன்றி அதன் மறுப்பை அறியாது.